நேர்ச் சீடன்

"மரமண்டைன்னு நீயே எழுதியிருக்கே!"

"அது அடக்கம் மாமா, ஒரு வழக்கம்..."

"முதல்ல இந்த மாமாங்கிறத நிறுத்து!"

லண்டனில், தேம்ஸ் கரையோர ஒயின் வியாபாரி தர்ஸ்டனுக்கு ஒரே பிடிவாதம். காலமாகிவிட்ட, ஊரே கொண்டாடும் ஒரு மகாகவியின் வழியில் வந்தவனுக்குத்தான் மகள் சபீனாவைக் கொடுப்பார். சபீனாவுக்கும் ஒரே பிடிவாதம்: அவன் ஹேமோவாக இருக்கவேண்டும். அவனோ இன்று தன் காவியத்தோடு வந்து மாட்டிக்கொண்டான்.

"அவருக்கப்புறம் பேனா எடுக்கிற எல்லாருமே இப்படித்தான் ஆரம்பிக்கணும், ஐயா. 'குருவே, போயிட்டீரே! நான் மழுங்கின கத்தி, ஒண்ணும் தெரியாத மடையன்'னு."

"ஒண்ணும் தெரியாத மடையனுக்கு எம் பொண்ணு எதுக்கு?"

ஹேமோ முதல் ஏட்டை அப்படியே மடியில் கவிழ்த்துவிட்டு, இரண்டாவதிலிருந்து படித்தான்.

தர்ஸ்டனின் மனைவி எம்மட், விலாங்குமீன் வைத்துச் சுட்ட அப்பத் தட்டை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். "அந்தப் பெரிய கவிக்கு ஒரு வணக்கம்கூட இல்லாம ஆரம்பிக்கிறான் பாருங்க! என்னா திமிரு!"

கதவோரம் நின்ற சபீனா கண்ணாலேயே கெஞ்சினாள். ஹேமோவுக்கு வியர்த்தது. வாய் தன்பாட்டுக்கு ஓடிவிட்டது.

"தனியா வணக்கம் வைக்க அவர் எனக்கு வேத்தாளா? நான் அவரோட நேர்ச் சீடன். சின்னப் பிள்ளையில மடியில உக்கார வச்சு யாப்பு சொல்லிக் கொடுத்தாரு."

தர்ஸ்டன் எழுந்தேவிட்டார். "அட, இத முன்னாடியே சொல்லக் கூடாதா! அவர் வீட்டுக்கே போவியா?"

"தினமும்! ஒல்லியா, குச்சி மாதிரி, வாசல்லயே எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாரு."

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது.

"ஏ கோடலீனா!" எம்மட் சமையல்காரியைக் கூப்பிட்டாள். "நீதானே அவர் வீட்டுல சமைச்சே? இந்தப் பையன அங்க பாத்திருக்கியா?"

கோடலீனா வந்து ஹேமோவை மேலும் கீழும் பார்த்தாள். "பாத்ததே இல்லம்மா. அப்புறம், அவரா குச்சி? என் சமையலுக்கு இடுப்புவாரே எட்டாம தவிச்ச மனுஷன்!"

சபீனா முகத்தை மூடிக்கொண்டாள். தர்ஸ்டன் கதவைக் காட்டினார்.

"அப்ப நீ அவர் வழியே இல்ல. கிளம்பு!"

"அவசரப்படாதீங்கய்யா." கோடலீனா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவர் வழிதான், சந்தேகமே வேணாம். அவரும் பொறக்கவே பொறக்காத ஒரு ரோமாபுரிக்காரரத் தன் குருன்னு சொல்லித்தான் ஒரு காவியம் முழுக்க எழுதிட்டு, அடுப்படிக்கு வந்து எங்கிட்ட சிரிச்சாரு."