தலைமடைக்கு வந்துவிட்ட சாவுப் பாட்டு

கனவு காண்கிற பழக்கம் உள்ளவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கக் கூடாது. அடுப்பு முன்னால் உட்காரவைக்கலாம். மிஞ்சிப்போனால் பால் பொங்கும், துடைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருக்கும்போது கனவு கண்டால் ஊர் முழுக்க அல்லவா கேட்கிறது!

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஜெசிந்தாதான் தட்டுகிறாள். (சிரிக்காம தட்டுடி. சொன்னதை மட்டும் போடு.)

என் மகன் சகாயம் மைக்செட் வைத்திருக்கிறான். ஒரத்தநாட்டுப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, சாவு என்று எதுவானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மரத்தில் ஏறிக் குழாய் கட்டும்போது கீழே லேப்டாப்பில் பாட்டுப் போட ஒரு ஆள் வேண்டுமே? அந்த ஆள் நான். மண்டபத்து மூலையில் மேசை, மேசைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு நாற்காலி. கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவளே நின்றுகொண்டிருப்பாள், நான் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருப்பேன். பாட்டு நின்றால் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

படிக்காதவள் எப்படிப் பாட்டைக் கண்டுபிடிப்பேன் என்று கேட்பீர்கள். வயலுக்குப் பேரா எழுதி வைத்திருக்கிறது? இடத்தை வைத்துத்தானே தெரிந்துகொள்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் முதலில் ஏறுவது தலைமடை, கடைசியாகப் போய்ச் சேருவது கடைமடை. எனக்குத் திரையும் அப்படித்தான். தலைமடையில் கல்யாணப் பாட்டு. அதற்குக் கீழே காதுகுத்து. நடுவில் மாதா பாட்டு. கடைமடையில் சாவு. சாவு கடைசியில்தானே வர வேண்டும்? (நான் வைத்த வரிசைதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.)

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது லேப்டாப் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. பழைய மெஷின். மாலை மாற்றும் நேரம் பார்த்துத் திரையில் ஒரு வட்டம் சுற்றும். மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

ஜெசிந்தா காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். "மெஷினை மாத்த வேண்டாம் அத்தை. உள்ள ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்தினா போதும். இலவசமாவே ஒண்ணு இருக்கு, லேசா ஓடும்" என்றாள்.

"மாட்டை வச்சுக்கிட்டு மாட்டுக்குள்ள இருக்கிற குணத்தை மாத்துறேங்கிறியா?"

"அதேதான் அத்தை!"

சகாயத்துக்குப் பயம். "அம்மாவுக்குப் பழகினா மாத்துவோம். பழகலைன்னா சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போட்டுக்கிறேன். அம்மா வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட்டாம்! வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்னை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

முடிவு எடுக்கும்வரை இரண்டும் இருக்கட்டும் என்று ஜெசிந்தா பழசுக்குப் பக்கத்திலேயே புதுசையும் ஏற்றி வைத்தாள். மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி புதுசு, கீழ் வரி பழசு. கீழே இறக்கித் தட்டினால் பழசு திறக்கும். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்துவிட்டுப் புதுசைத் திறந்துவிடும்.

அந்தப் புதுசு திறந்ததும் ஒரு படம் வரும் பாருங்கள். நீலமாகத் தண்ணீர். அதன்மேல் விடியற்காலைப் பனி. கரை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. யாரோ வெளிநாட்டில் எடுத்த படமாம். எனக்கு அது எங்கள் வாய்க்கால்தான். கல்லணை திறந்து, தண்ணீர் வருகிறது வருகிறது என்று காத்திருந்து, ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் சத்தமே இல்லாமல் வந்து நிற்குமே, அந்தத் தண்ணீர். முன்னால் சருகும் நுரையும் மிதந்து வரும். காலை வைத்தால் கெண்டைக்காலைச் சுற்றிச் சிலுசிலுவென்று போகும். பார்க்கப் பார்க்க நான் மேசையில் இருக்க மாட்டேன், மடையில் நிற்பேன்.

"பழகிட்டீங்களா அத்தை?" என்று ஜெசிந்தா உள்ளேயிருந்து கேட்பாள்.

"தண்ணி பட்ட பாடு" என்பேன். (பொய்யில்லை. தண்ணீரோடுதான் பட்ட பாடெல்லாம்.)

கல்யாணப் பாட்டை மட்டும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். புதுசிலும் அது தலைமடையில்தான் இருந்தது. இதில் பழக என்ன இருக்கிறது என்று மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

அப்புறம் சவரிமுத்து மாமா வீட்டுக் கல்யாணம் வந்தது. அவருடைய பேத்திக்கு. ஊரிலேயே வயதில் பெரியவர் அவர், முதல் வரிசையில் வெள்ளை வேட்டியோடு பூவரச மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். கோயிலில் பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். சகாயம் தெளிவாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு வயர் இழுக்கப் போனான்.

"அம்மா, இன்னிக்குப் பரீட்சை வேண்டாம். பழசையே தொற. கீழ் வரி. மறந்துடாத."

"போடா, எனக்கா சொல்ற?"

மெஷினைப் போட்டேன். இரண்டு வரி வந்தது. கீழே இறக்க விரலை வைத்தேன். அப்போது பார்த்து ஜன்னல் வழியாக ஒரு காற்று. அறுத்த வைக்கோல் வாசனை. பழசைத் திறந்தால் குழாய் ஸ்பீக்கர் படம் வரும், புதுசைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பிலேயே நான் வரப்பில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஆண்டாண்டு காலத்துக்கு எதில் ஓட்டுவது என்று எங்கள் வீடே முடிவு எடுக்காமல் கிடந்த விஷயத்தை, விரல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் மெஷினே முடிவு செய்துவிட்டது. திரையில் நீலத் தண்ணீர் பரவியது.

சரி, வந்த தண்ணீரை ஏன் திருப்ப வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

"பொண்ணு மாப்ளை வந்தாச்சு! பாட்டு, பாட்டு!" என்று கத்தினார்கள்.

தலைமடையைத் தட்டினேன்.

முதலில் கோயில் மணி. டாங்... டாங்... என்று இழுத்து இழுத்து. கல்யாண மணி இப்படி அழுமா என்று நான் யோசிப்பதற்குள், சாவு வீட்டுக்கென்று பதிந்து வைத்திருந்த என் மகன் குரல், தொண்டை கம்ம: "துயரச் செய்தி... துயரச் செய்தி..."

பெண் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள். ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது. மண்டபமே எழுந்து நின்றது. "யாரு? யாரு போய்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே, யாரென்று தெரியாமலேயே என் ஒன்றுவிட்ட தங்கை மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். (அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும். இடம் கிடைத்தால் விட மாட்டாள்.)

நிறுத்தலாம் என்று பார்த்தால், பழசில் நிறுத்துகிற இடத்தில் புதுசில் சத்தம் கூட்டுகிற பொத்தான் இருக்கிறது. நான் அமுக்க அமுக்க என் மகன் இன்னும் உரக்க அழுதான். வயரைப் பிடுங்கினேன். லேப்டாப் வயரை! அது பேட்டரியில் நிம்மதியாக அழுதுகொண்டிருந்தது. வாசல் குழாய் வழியாகக் கேட்டு, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து கைகட்டி நின்றார்கள். ஒருத்தர் கையில் மாலைகூட இருந்தது.

அத்தனை கண்ணும் மெதுவாக முதல் வரிசைக்குத் திரும்பின. சவரிமுத்து மாமா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் மூக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார்.

மாமா கண்ணைத் திறந்தார். "கையை எடுறா. தூங்கக்கூட விடமாட்டேங்குறீங்க."

அதற்குள் சகாயம் ஓடிவந்து எதையோ தட்டி நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஜெசிந்தா திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். முந்தின நாள் ஒரு சாவுக்குப் புதுசைத்தான் ஓட்டியிருக்கிறான் சகாயம். இந்தப் புதுசு, கடைசியாக எதைத் திறந்தோமோ அதைத் தூக்கி மேலே வைத்துவிடுமாம். நான் வைத்த வரிசைக்கு அதனிடம் மரியாதை இல்லை.

"பழசே போதும்" என்றான் சகாயம். "ஆளும் போட்டுக்கிறேன். நீ வீட்டுக்குப் போம்மா."

நாற்காலியிலிருந்து எழுந்தேன். அப்போது சவரிமுத்து மாமா கைத்தடியை ஊன்றி மேசைக்கு வந்து மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எல்லாரும் உக்காருங்க. யாரும் போகலை. பிரியாணிதான் ஆறிப் போகுது." அப்புறம் சகாயத்தைப் பார்த்து, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலேயே சொன்னார்: "அம்மாவை எழுப்பாதடா. எனக்கு ஒண்ணுன்னா எத்தனை பேர் எந்திரிச்சு நிப்பாங்க, எவன் மாலையோட வருவான்னு உசுரோட இருக்கும்போதே காட்டிட்டா. மூத்த மருமக மட்டும் எந்திரிக்கலை, அதையும் அரைக்கண்ணால பாத்துக்கிட்டேன். உக்காரும்மா ஆரோக்கியம். இப்ப நல்ல பாட்டாப் போடு."

மண்டபம் சிரித்த சிரிப்பில் மூத்த மருமகளும் சிரித்தாள். நான் உட்கார்ந்தேன். ஜெசிந்தா என் விரலைப் பிடித்துக் காட்ட, கல்யாணப் பாட்டு வந்தது. பெண் இன்னொரு காலையும் உள்ளே வைத்தாள்.

முடிவு என்ன ஆனது என்கிறீர்களா? அன்று சாயங்காலமே நான் சொல்லிவிட்டேன், புதுசுதான் வேண்டும் என்று. "இவ்வளவு நடந்த பிறகுமா?" என்று சகாயம் வாயைப் பிளந்தான். மண்டபம் அவ்வளவு களேபரத்தில் இருந்தபோதும் வட்டம் ஒரு தடவைகூடச் சுற்றவில்லையே! படத்தில் இருந்த தண்ணீரைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. ஜெசிந்தா அந்த வரிசை மாற்றும் குணத்தை மட்டும் அடக்கி, எல்லாவற்றையும் நான் சொன்ன இடத்தில் கட்டிப்போட்டாள்.

சவரிமுத்து மாமா இன்னும் திடமாக இருக்கிறார். எந்த விசேஷத்துக்கு வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வருவார். ஊரே கேட்கிற மாதிரி கேட்பார்:

"என்னம்மா ஆரோக்கியம், நம்ம பாட்டு இப்ப எங்க இருக்கு? தலைமடையிலயா?"

"கடைமடையில போட்டுட்டேன் மாமா. அங்க தண்ணி வர ரொம்ப நாளாகும். நீங்க போய்ச் சாப்பிடுங்க."