பத்துவிரலும் எங்கள் வீட்டு எட்டுக் குழியும்

பெங்களூரு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பத்து விரல் உள்ள மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் ஈஜிபுராவில் இருக்கிறார். மற்றபடி நமக்கெல்லாம் இருப்பது சும்மா விரல்கள். அவை இருக்கின்றனவா என்று என்றைக்காவது சரிபார்த்திருக்கிறோமா? அவர் பார்ப்பார். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு தரம், முடித்தபின் ஒரு தரம். தன் விரல்களை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற எல்லோர் விரல்களையும்.

அதனால் அவர் பெயரே பத்துவிரல். அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தொழில், வேலிக் கம்பத்துக்குக் குழி போடுவது. கடப்பாரையால் அல்ல, மிஷினால். இடுப்பளவு உயரத்துக்கு ஒரு திருகாணி. அதன் தலையில் பெட்ரோல் எஞ்சின். இரண்டு பக்கமும் கைப்பிடி. முடுக்கினால் உறுமிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கும். மிஷின் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் தனியாகக் கிடைக்காது, அவரும் கூடவே வருவார். "மிஷின மட்டும் அனுப்புங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பொண்ணு குடுக்கறவன் மாப்ள வீட்ட பாக்க வேணாமா சார்?"

விரல் எண்ணுவதிலும் தனிப் பாணி. இடது கை தமிழ், வலது கை கன்னடம். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று இடது கையை முடித்துவிட்டு, "ஆறு, ஏளு, எண்ட்டு, ஒம்பத்து, ஹத்து" என்று வலது கைக்குப் போவார். ஆறு எந்த மொழியில் சேர்த்தி என்று ஒருமுறை கேட்டேன். "அது ரெண்டு பேருக்கும் பொது சார். சண்டை வேணாம்."

இருபது வருடம் ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்துவிட்டு, ஆனேக்கல் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனவன் நான். வேலி மட்டும் போடவில்லை. என் மனைவி நட்ட செம்பருத்தியை அக்கம்பக்கத்து மாடுகள் முறை வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போயின.

"முன்பக்கம் எட்டு கல் கம்பம் நடப் போறேன். குழியெல்லாம் நானே போடறேன்" என்று அறிவித்தேன். தேங்காய் உடைக்கச் சொன்னால் தேங்காயைத் தவிர மற்றதெல்லாம் உடைக்கிற கை என்னுடையது. மனைவி சிரித்திருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னாள்: "ஒரு குழி போட்டுக் காட்டுங்க. உங்களுக்குக் கைவேலை வராதுன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்றத அன்னியோட நிறுத்திடறேன்." கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற கெட்ட பெயர் அது. விடுவேனா?

மிஷினை வாடகைக்குச் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை காலை அதோடு பத்துவிரலும் வந்தார். செம்பருத்திப் பக்கம் நின்றிருந்த மாட்டைப் பார்த்து, "ஸ்வல்ப தள்ளி ஹோகிம்மா" என்றார். மாட்டையே 'கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா' என்கிற மனிதர். யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதே இல்லை. மாடு நகர்ந்ததும் என்னைப் பார்த்தார். லுங்கி, ரப்பர் செருப்பு, கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு. விடுமுறை நாளில் எதற்கு என்று கேட்காதீர்கள். பெங்களூரில் அது தொங்கினால்தான் கீரைக்காரர்கூட நிமிர்ந்து பார்க்கிறார்.

"கார்ட கழட்டுங்க சார்."

"ஏங்க?"

"மிஷின் கார்டு பாத்துட்டு உள்ள விடாது. நாடாவப் புடிச்சு நேரா உள்ள இழுத்துக்கும்."

லுங்கி போய் பேண்ட் வந்தது. செருப்பு போய் ஷூ. வாட்ச் போயிற்று. மோதிரம் வரமாட்டேன் என்றது. சோப்பு போட்டு உருவினோம். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். "அக்கா, துப்பட்டாவோட நீங்க வாசப்படிகிட்டயே நில்லுங்க" என்றார். எல்லாம் மாட்டி முடித்தபோது நான் நிலாவுக்குக் கிளம்புகிறவன் மாதிரி இருந்தேன்.

"கீழ என்ன போகுது சார்?"

"மண்ணு."

"மண்ணுக்குள்ள?"

"இன்னும் கொஞ்சம் மண்ணு."

"போர்வெல் ஒயர் எங்க போகுது, தண்ணி பைப் எங்க போகுதுன்னு கேக்கறேன்."

வீடு கட்டியவன் நான். கம்பீரமாக வலது பக்கம் கையைக் காட்டினேன். மனைவி செல்போனை எடுத்து, வீடு கட்டும்போது பிடித்த போட்டோவைத் தேடிக் காட்டினாள். ஒயர் இடது பக்கம் போயிருந்தது. நான் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருந்த மூன்றாவது குழிக்கு நேர் கீழே. பத்துவிரல் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். என் வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு நாலடி தள்ளி வேறு வட்டம் போட்டார்.

விரல்களை எண்ணினோம். முதல் இரண்டு குழி அவர் போட்டார். மூன்றாவதற்குக் கைப்பிடி என்னிடம் வந்தது.

"கால அகட்டி நில்லுங்க. முழங்கை மடங்கியே இருக்கட்டும். அமுக்காதீங்க, அதோட வெயிட்டே போதும். அரையடிக்கு ஒரு தரம் மேல தூக்கி மண்ண வெளிய தள்ளுங்க. கல்லுல கில்லுல மாட்டுனா உடனே பிடிய தளர்த்துங்க. இல்லாட்டி அது நின்னுக்கும், நீங்க சுத்துவீங்க."

நான் சுற்றவில்லை. குழி விழுந்தது! வட்டமான, ஆழமான, அழகான குழி. வாசற்படியைப் பார்த்தேன். மனைவியின் தலை லேசாக ஆடியது. நாலாவது குழிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐந்தாவதில் அவருக்கே யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தேன். அவரோ ஒவ்வொரு குழி முடிந்ததும் மேலே பலகை வைத்து, பலகை மேல் கல் வைத்தார். "குழி போட ரெண்டு நிமிஷம் ஆகுது சார். விழறதுக்கு அதுகூட ஆவாது."

ஆறாவது குழியில் பழைய நீலகிரித் தைல மரத்தின் வேர் திருகில் சுற்றிக்கொண்டது. பிடியைத் தளர்த்தினேன். திருகு நின்றது. எஞ்சின் மட்டும் மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. வேரின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு, இழு இழு என்றது. மூன்று குழி போட்ட வீரன் ஆயிற்றே. ஒரு கையால் மிஷினைப் பிடித்துக்கொண்டு, குனிந்து மறு கையை நீட்டினேன்.

"டேய்! எடுடா கைய!"

எஞ்சின் அணைந்தது. எப்படித்தான் பாய்ந்து வந்து ஸ்விட்சை அமுக்கினாரோ.

"கையக் காட்டு."

காட்டினேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். ஹத்து வரை வந்துவிட்டு, நம்பாமல் மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தரமும் பத்து வந்தபிறகுதான் மணல் குவியல் மேல் உட்கார்ந்தார்.

"எஞ்சின் ஓடுதுன்னா அது முழிச்சிட்டிருக்குன்னு அர்த்தம் சார். எங்க அண்ணனும் திருகு நின்னுபோச்சுன்னுதான் கைய விட்டாரு." தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நானும் அவரும் சேர்ந்தா பதினேழு."

இருபதிலிருந்து அதைக் கழித்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு எழுந்து, எஞ்சினின் பிளக் ஒயரைப் பிடுங்கினார். "இப்பதான் இது தூங்குது. இப்ப கை வைக்கலாம்." ஸ்பேனர் போட்டுத் திருகைப் பின்பக்கமாகச் சுற்றி, வேரை வெட்டி எடுத்தார். ஒயரைத் திரும்ப மாட்டி, கைப்பிடியை என் பக்கம் நீட்டினார்.

"வேணாங்க, நீங்களே முடிச்சிருங்க."

"புடிங்க சார். பயம் வந்திருச்சில்ல? இப்பதான் நீங்க மிஷின் புடிக்கிற ஆளு."

ஆறை முடித்து, ஏழும் எட்டும் போட்டேன். வாசற்படியில் மனைவி போனில் பேசுவது காதடைப்பானைக் கழற்றியதும் கேட்டது: "இல்லண்ணா, சத்தியமா அவரேதான்!"

வண்டியில் மிஷினை ஏற்றிவிட்டு பத்துவிரல் தயங்கினார். "சார், அந்த டேய்... வாய் தவறி வந்திருச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

"எச்.ஆர்.கிட்ட சொல்ல மாட்டேன், போங்க" என்றேன். ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

இப்போது மாடுகள் வேலிக்கு வெளியே நின்று, நகைக்கடை வாசலில் நிற்பது போல் செம்பருத்தியைப் பார்க்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் என் எட்டுக் கம்பங்களைக் காட்டுகிறேன். என்னை 'டேய்' என்று கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோன வயது எனக்கு. அதனால் ஈஜிபுரா பக்கம் போகும்போதெல்லாம் அவர் ஷெட்டுக்கு எதிரே நின்று, இன்னொரு 'டேய்' கிடைக்குமா என்று ஒரு விரலை மட்டும் மடக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்குகிறேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "மடக்குனத நீட்டுங்க சார், டீ சொல்றேன்" என்கிறார். ஏமாற மாட்டேன் என்கிறார் மனிதர்.

பரவாயில்லை. மடக்கிப் பார்க்க, அவர் புண்ணியத்தில் இன்னும் ஒன்பது இருக்கிறது.