பழமைக் காவலரின் திறந்த கார்

பழமையை எப்படி மதிப்பது என்று உலகம் இனிமேல் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மகத்தான கலையை ஒருவர் தம் வீட்டுக் கார் ஷெட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்பது வருடம் பாடுபட்டுக் கரை கண்டுவிட்டார். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் அவர் கிளை மேலாளர். ஆனால் விசிட்டிங் கார்டில் அந்தப் பதவிக்கு மேலே, பெரிய எழுத்தில், 'பழமைக் காவலர்' என்று போட்டிருந்தார். யாரும் கொடுக்காத பட்டம் என்பதால் யாராலும் அதைப் பறிக்கவும் முடியவில்லை.

அவர் காத்த பழமை, அறுபது வருடங்களுக்கு முன் அவருடைய அப்பா வாங்கிய திறந்த கார். மேற்கூரையைப் பாயைப்போலச் சுருட்டிப் பின்னால் தள்ளிவிடலாம். துருப்பிடித்துக் கிடந்த அதைக் காவலர் 'அப்படியே' மீட்டெடுத்தார். எஞ்சின் மட்டும் புதிது. கியர் பெட்டியும் புதிதுதான். பின்சக்கரங்களை இரண்டு மடங்கு அகலமாக்கி, உடம்பைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, பானெட்டின் இரு பக்கமும் தீ ஜுவாலை வரையச் செய்தார். கடைசியாக ஏ.சி.யும் வைத்தார்.

"மேல கூரையே இல்லாத வண்டிக்கு ஏ.சி. எதுக்குங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பழமைக்கு வேர்க்கக் கூடாது" என்றார் காவலர்.

அசலாக மிஞ்சியது ஹாரன் ஒன்றுதான். அது சத்தம் போடாது. அதைப் பழுது பார்க்கவும் அவர் விடவில்லை. அசலில் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. அந்த வயதில் மனிதருக்கு ஆயிரம் ஆசை இருக்கலாம். அவருக்கு ஒன்றுதான் இருந்தது.

"ஒரே ஒரு ரவுண்டுடா. ஓட்டக்கூட வேணாம், பக்கத்துல உக்காந்துக்கறேன். நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னை இதுலதான் கூட்டிட்டு வந்தோம். உங்கம்மா உன்னை மடியில வச்சிக்கிட்டு, காத்து அடிக்குது, மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு வழியெல்லாம்..."

"தெரியும்ப்பா. ஃபைல்ல ஏத்திட்டேன்" என்றார் காவலர். உண்மைதான். 'வாகன வரலாறு' என்ற கோப்பில் மூன்றாம் பக்கத்தில் அம்மாவுக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்.

"அப்ப நாளைக்குப் போலாமா?"

"அது வெள்ளைத் தோல் சீட்டுப்பா. உங்க முட்டித் தைலம் பட்டா கறை போகவே போகாது."

இந்த நிலையில்தான் பழைய வாகனக் கண்காட்சிக் குழுவின் விதிமுறைத் தாள் வந்தது. மைதானத்தை ஒரு சுற்று வரும்போது, ஓட்டுபவரின் பக்கத்தில் வண்டியின் காலத்து உடையில் ஒரு பயணி அமர்ந்திருக்க வேண்டும் என்றது ஏழாம் விதி. அப்பா அதை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நான்கு முறை படித்தார். பீரோவின் அடியிலிருந்து பழைய கோட்டை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தார். அன்றே தைலத்தையும் நிறுத்தினார். நான்கே நாளில் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. சந்தோஷமாக வலித்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் காவலர் ஒரு துணிக்கடைப் பொம்மையைத் தோளில் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"இது யாருடா?"

"பயணி. இதுக்கு வேர்க்காது, இருமாது, தைலமும் தடவாது. அந்தக் கோட்டைக் கொஞ்சம் குடுங்கப்பா, அளவு பாக்கணும்."

"நான் தைலத்தை விட்டு நாலு நாளாச்சுடா."

"முன்னாடி தடவுனது உள்ள ஊறியிருக்கும்ல?"

விஞ்ஞானப்பூர்வமான கேள்வி. அப்பா, போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பொம்மைக்கு அது கனகச்சிதமாக இருந்தது.

மறுநாள் கார், போர்வை போர்த்திக்கொண்டு லாரியின் மேல் ஏறி மைதானத்துக்குப் போனது. சாலையில் ஓட்டினால் டயர் தேயும். பொம்மை லாரியின் முன்சீட்டில் போனது. அதன் மூக்கில் கீறல் விழாமல் திருப்பித் தருவதாகக் காவலர் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா பஸ்ஸில் போனார்.

நடுவர் குழுவின் தலைவர் ஒரு பல் மருத்துவர். "பானெட்டைத் திறங்க. நல்லா. இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பயணியைப் பார்த்துத் திடுக்கிட்டார். உடனே அவசரக் கூட்டம் கூடியது.

"பயணிக்கு உயிர் இருக்கணும்னு விதியில இருக்கா?"

"இல்லீங்க" என்றார் செயலாளர். "அமர்ந்திருக்க வேண்டும்னுதான் இருக்கு. அது அமர்ந்திருக்கு."

"அசையவே மாட்டேங்குதே?"

"அதையெல்லாம் பாத்தா நம்ம குழுவுலயே பாதிப் பேரை எடுக்க வேண்டியிருக்குங்க."

பயணி ஒருமனதாக ஏற்கப்பட்டது. கார் மைதானத்தைச் சுற்றியது. ஏ.சி. வானத்தைக் குளிர வைத்தது. கூட்டம் கைதட்டியது. 'தொடாதீர்கள்' என்று பலகை தொங்கிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவும், ஒரு கையைக் கம்பத்திலிருந்து எடுக்க முடியாமல், மறு கையால் தொடையில் தட்டினார். மகன் நன்றாகத்தான் ஓட்டினான். அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் தம் கோட்டு தம்மைக் கடந்து போனபோது தட்டுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"இந்த வருஷப் பெரிய கோப்பை, முதல் சொந்தக்காரர் இன்னும் உயிரோட இருக்குற வண்டிக்கு! பதிவுப் புத்தகத்தைப் பாத்ததுல இங்க அப்படி ஒரே ஒரு வண்டிதான் இருக்கு. அந்தப் பெரியவர் தன் வண்டியில உக்காந்து மேடைக்கு வரணும்!"

காவலர் ஒரு கணம் விழித்தார். மறு கணம் பொம்மையின் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் புல்லில் போட்டார். கயிற்றைத் தாண்டி ஓடி வந்தார்.

"அப்பா! வாங்க, வாங்க! சீட்டு காலியா இருக்கு!"

"தைலம்...?"

"அட, பரவாயில்லப்பா! தொடைச்சிக்கலாம். சீக்கிரம், கூப்பிடறாங்க!"

அப்பா அந்த வெள்ளை இருக்கையையே பார்த்தார். ஒன்பது வருடம் ஆசைப்பட்ட இடம்; பத்தடிதான் இருந்தது. காலை ஓர் எட்டு முன்னால் வைக்கவும் செய்தார். பிறகு நின்றார். புல்லில் அண்ணாந்து கிடந்த பொம்மையின் மேலிருந்து தம் கோட்டைக் கழற்றி, மண்ணைத் தட்டி, போட்டுக்கொண்டார். வாசல் பக்கமாகத் திரும்பி நடந்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"அந்தத் துணிக்கடைக்குடா. இது நின்ன இடம் அங்க காலியாத்தான் இருக்கும், நான் போய் நிக்கிறேன். நம்ம வீட்டுல என் மூக்கு உடைஞ்சா கேக்க ஆளில்ல. அங்கேன்னா, கீறல் விழாம பாத்துக்குவேன்னு எழுதிக் குடுத்தாத்தான் உன்கிட்டயே அனுப்புவாங்க."