பிரதிநிதித்துவம் பெற்ற செல்லியம்மாள்

மரங்களுக்காகக் கண்ணீர் விட்ட மகான்கள் உண்டு. பறவைகளுக்காக விட்டவர்களும் உண்டு. ஆனால் 'மரத்தையும் பறவையையும் காக்க ஏழைபாழைகள் யாரும் முன்வரவில்லையே' என்று ஓர் அலுவலகமே கூடி உட்கார்ந்து, முந்திரி பக்கோடா தின்றபடி கண்கலங்கிய பெருமை, எடப்பாடிப் பக்கத்து ஏரிப் பூங்கா வாரியம் ஒன்றுக்கே உரியது.

அந்தக் கலக்கத்தில் பிறந்ததுதான் 'அனைவரும் பூங்காவுக்கே' திட்டம். இதுவரை 'போதிய பிரதிநிதித்துவம் பெறாத' குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கு மலைமேல் இரண்டு வருடம் பூங்காப் பாதுகாப்புப் படிப்பு. தங்க இடமும் சாப்பாடும் வாரியத்தின் பொறுப்பு. முடித்துக் கீழே இறங்கினால் 'பூங்கா இயற்கையாளர்' என்று வேலை. ஒரே ஓர் இடம்தான். கருணைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அந்த ஓர் இடத்துக்காக மஞ்சுளா காலை எட்டு மணிக்கே வந்து முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாவரவியல் பட்டம் வாங்கியவள். இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் நூல் மில்லில் ஷிப்ட்டு. மில்லுக்கு ஆள் பிடிக்க வந்தவர் அவள் பெயரை எழுதிக்கொண்டே போய்விட்டார்.

விழா ஏற்பாடு பிரமாதம். 'மரம் காப்போம்' பேனர் ரோட்டுக்குத் தெரியவில்லை என்பதால், குறுக்கே நின்ற இரண்டு புங்க மரங்களை முந்தின நாளே வெட்டி அப்புறப்படுத்தியிருந்தார்கள். கொள்கை என்று வந்துவிட்டால் வாரியம் மரத்துக்குக்கூடத் தாட்சண்யம் பார்க்காது.

திட்ட ஒருங்கிணைப்பாளர் முருகானந்தம் மைக்கைப் பிடித்தார். "உழைக்கும் மக்கள் வீட்டில் இருந்து இந்தப் பூங்காவுக்குள் ஒருத்தர்கூட வரவில்லையே! ஏன்? ஏன்?" என்று மார்பில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டார். அந்நேரம் மேடைக்குப் பக்கத்தில் மஞ்சுளாவின் அம்மா செல்லியம்மாள் நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தூசி பட்டு அவருக்கு இருமல் வந்தது. "ஏம்மா, அப்பறம் கூட்டு" என்று கையை வீசிவிட்டு, "ஒருத்தர்கூட வரவில்லையே!" என்று விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்.

செல்லியம்மாள் பத்தொன்பது வருடமாக அந்தப் பூங்காவைக் கூட்டுகிறாள். நடைபாதைச் சரளையில் ஆக்காட்டிக் குருவி முட்டை வைத்தால், வாக்கிங் போகிறவர்கள் மிதித்துவிடாமல் சுற்றிலும் செங்கல் அடுக்குகிறவள் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்து அம்மாவுக்காகக் காத்துக் கிடந்த மஞ்சுளா, எந்தக் கொக்கு எந்த மாதம் வரும் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இதற்கெல்லாம் சான்றிதழ் கிடையாது. ஆகவே இதைப் 'பாதுகாப்பு' என்று சொல்ல விதியில் இடமில்லை.

மேடையிலேயே நடந்த நேர்காணலுக்கு மிஞ்சியது இரண்டே பேர். ஒருவன் வளவன், விழாவுக்கு ஷாமியானா போட்டுக்கொடுத்தவரின் மகன்.

"ஏனுங்க சார், அந்த மலைமேல அட்டைப்பூச்சி கடிக்குங்களா?" என்று கேட்டான் அவன்.

"ஆர்வமுள்ள பையன்" என்று முருகானந்தம் குறித்துக்கொண்டார்.

அடுத்தது மஞ்சுளா.

"இந்த ஏரியில் எத்தனை வகைப் பறவை இருக்கும்?"

"அறுபத்து மூணுங்க சார். கார்த்திகைக்கு மேல வந்தீங்கன்னா எழுபது தாண்டுமுங்க."

முருகானந்தத்துக்கு அதுவரை காக்கை, கொக்கு, 'இதர' என்ற மூன்று வகைதான் தெரியும். அசந்துபோனார். பேனாவைத் திறந்தேவிட்டார். அப்போதுதான் குமாஸ்தா வேலுமணி விண்ணப்பத்தில் விரலை வைத்து, "சார், பதினாலாங் கேள்வி" என்றார்.

'குடும்பத்தில் எவரேனும் பூங்காப் பணியில் உள்ளனரா?' என்பது பதினான்காவது கேள்வி. மஞ்சுளா குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'ஆம். என் அம்மா.' எழுதும்போது அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

முருகானந்தம் பேனாவை மூடினார். "அடடா, உங்க குடும்பத்துக்குத்தான் ஏற்கனவே போதிய பிரதிநிதித்துவம் இருக்குதே அம்மிணி!"

"சார், அம்மா கூட்டறாங்க சார்."

"கூட்டினா என்ன, பெருக்கினா என்ன, எல்லாம் பூங்காப் பணிதான். உழைப்புல ஒசத்தி, தாழ்த்தி பாக்கறது எனக்கு ஆகாது. அந்தப் பையன் குடும்பத்தப் பாரு. மூணு தலைமுறையா ஒரு துளசிச் செடிகூட வெச்சதில்ல. ஊடு பூரா டைல்ஸு. நியாயமாப் பாத்தா விடுபட்டது அவனல்லவா?"

வளவன் அடக்கமாகத் தலை குனிந்தான். மஞ்சுளாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கி, எது முதலில் வருவது என்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. உண்மையை எழுதித் தொலைத்தோமே என்று நொந்துகொண்டாள்.

விளக்குமாறு மேடை ஓரத்தில் சாத்தப்பட்டது. செல்லியம்மாள் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க சார், நான் இங்க வேலை செய்யறனுங்களா?"

"செய்யறியே செல்லி! நாங்கதான் தெனமும் பாக்கறமே."

"அத ஒரு சீட்டுல எழுதி, சீல் வெச்சுக் குடுத்துருங்க சாமி. என்ர புள்ளைக்கு எடம் வேண்டாமுங்க."

வேலுமணியின் முகம் வெளுத்தது. காரணம் உண்டு. போன வருடம் படித்துறையில் பாசி கழுவும்போது செல்லியம்மாள் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். வைத்தியச் செலவு வாங்குவதற்காக, இங்கே வேலை செய்கிறவள் என்று ஒரு சீட்டுக் கேட்டு வந்தாள். வாரியம் அவசரமாகக் கூடி, ஏடுகளை எல்லாம் புரட்டி, 'செல்லியம்மாள் என்ற பெயரில் பணியாளர் எவரும் இல்லை. காண்ட்ராக்டரை அணுகவும்' என்று தீர்மானம் போட்டது. காண்ட்ராக்டர், தனக்கு மேல் ஒரு காண்ட்ராக்டர் இருப்பதாகக் கையை மேலே காட்டினார். மேலே வானம்தான் இருந்தது.

வேலுமணி குனிந்து காதைக் கடித்தார். "சார், எழுதினா மாட்டிக்குவோம். பத்தொம்பது வருசத்துக்கும் நெரந்தரம் பண்ணச் சொல்லி கோர்ட்டுக்குப் போயிருவாங்க."

முருகானந்தம் கொள்கை இல்லாதவர் அல்ல. ஒன்று போனால் இன்னொன்று கைவசம் வைத்திருப்பவர். கண் மூடித் திறப்பதற்குள், "பாப்பா பதினாலாங் கேள்விக்குத் தப்பா எழுதிருச்சு, அவ்வளவுதான்" என்றார். ஒரு தாளை எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல வேலுமணி எழுதினார்: 'செல்லியம்மாள் ஆகிய நான் இப்பூங்காவில் ஒருநாளும் பணியாற்றியதில்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. பாப்பாவுக்கு இப்பவே ஆர்டர்."

மஞ்சுளா பாய்ந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "போடாதம்மா! நீ இங்க வேலையே செய்யலைன்னு நீயே எழுதிக் குடுப்பியா? அந்தப் படிப்பே எனக்கு வேண்டாம், நான் மில்லுக்கே போறேன்."

"சும்மா இரு கண்ணு. இத்தன வருசமா அவிக சொல்லீட்டு இருந்ததத்தான நான் எழுதிக் குடுக்கறேன்" என்றாள் செல்லியம்மாள்.

முறிந்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆகையால் கையெழுத்துப் போட நேரம் பிடித்தது. மை காய்வதற்குள் ஆர்டர் அச்சாகி, சீல் விழுந்து, மஞ்சுளாவின் கைக்கு வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷப்படவும் முடியவில்லை, கிழித்து எறியவும் மனசு வரவில்லை.

"விடுபட்ட குடும்பம் ஒன்று இன்று விடுபடாத குடும்பம் ஆகிறது!" என்று முருகானந்தம் மைக்கில் முழங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. வளவனும் தட்டினான், அட்டைப்பூச்சியிடம் இருந்து தப்பித்த நிம்மதி அவனுக்கு.

போன் வந்தது. வாரியத் தலைவர் அயோத்தியாப்பட்டணத்து விழாவை முடித்துவிட்டு வந்துகொண்டிருக்கிறார், பத்து நிமிடத்தில் போட்டோவுக்கு நிற்பார் என்றார்கள். முருகானந்தம் சுற்றிலும் பார்த்தார். மேடையைச் சுற்றி டீக் கப்பும் பக்கோடாத் தாளுமாக இறைந்து கிடந்தது.

"செல்லி! சீக்கிரம் வா, இதையெல்லாம் கூட்டித் தள்ளு!"

செல்லியம்மாள் முதல் வரிசையில் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நான் இங்க வேலை செய்யறதில்லீங்க சார், இப்பத்தான கையெழுத்து வாங்கினீங்க. பத்தொம்பது வருசமாக் கூட்டுனது ஆருன்னு உங்க ரிஜிஸ்டர்ல பாத்து, அந்தாளக் கூப்புடுங்க."