கொலுப்படியில் ஜெட்மணி

பாலக்கரை, திருச்சி
ஆவணி 20

சிரஞ்சீவி இளவேனிலுக்கு அப்பா பிச்சமுத்து எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி நலமாக இருக்கிறோம். புனேயில் நீ மாத்திரை இல்லாமலே நலமாக இருக்க மலைக்கோட்டைப் பிள்ளையாரை வேண்டுகிறேன். போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். உன் ஜெட்மணி கிடைத்துவிட்டான்.

1997 தீபாவளிக்கு முந்தின வாரம், நீ ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில், உன் அலமாரியிலிருந்து எடுத்து நான் விற்றேனே, அதே ஜெட்மணி பொம்மை. நீலச் சட்டை, முதுகில் இரண்டு மஞ்சள் இறக்கை, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றிக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருப்பான். டெல்லிச் சரக்கு. பெட்டியில் பேர்கூடப் போடவில்லை, நீதான் ஜெட்மணி என்று வைத்தாய். கடைக்கு வந்த பன்னிரண்டும் தீர்ந்துபோன சமயம் ஸ்ரீரங்கத்து வரது சார், பேங்கில் வேலை பார்த்தவர், மகன் தேசிக்குக்கு அதுதான் வேண்டுமென்று வந்து நின்றார். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. லால்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் பிளாஸ்டிக் குடங்களை ஏற்றிக்கொண்டு வந்து, தெருத்தெருவாகக் கூவி விற்று, அப்புறம் கடை போட்டவன் நான். எனக்கு அது பொம்மை இல்லை, ஒரு பீஸ். சாயங்காலம் நீ வந்து கேட்டாய். "அடுத்த லோடுல உனக்குப் புதுசுடா" என்றேன். லோடு வரவில்லை. நீ அழுதிருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் வீட்டுப்பாடம் எழுதினாய். அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். பறக்கிறவன், முகமூடிக்காரன், இரும்புக்கையன் என்று அறுபது பொம்மை, எல்லாம் பழசு, பாதி பெட்டியே பிரிக்காதது. இத்தனை காசைக் கொட்டிப் பழசை வாங்குகிற புத்திசாலி யாருக்குப் பிறந்தான் என்று நினைத்துக்கொண்டேன். நட்டநடுவில் ஒரு இடம் மட்டும் காலி. "இங்க என்னடா வெக்கப் போறே?" என்றேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றாய். அதற்குப் பிறகு நீ ஊர்ப்பக்கம் வரவே இல்லை. அம்மா லீவு கிடைக்கவில்லை என்று நினைக்கிறாள். எனக்கு அந்தக் காலி இடம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து வைஜயந்தி அம்மா, வரது சாரின் சம்சாரம், பிளாஸ்டிக் கொலுப்படி வாங்கக் கடைக்கு வந்தார்கள். வரது சார் தவறி நாலு வருஷம் ஆகிறதாம், தேசிக் கனடாவிலாம். படி எந்த அளவு வேண்டுமென்று காட்ட, போன வருஷக் கொலுவை போனில் எடுத்து நீட்டினார்கள். மூன்றாம் படியில், பெருமாள் பொம்மைக்கு நேர் எதிரே, முட்டி ஊன்றி உட்கார்ந்திருக்கிறான் ஜெட்மணி. நெற்றியில் திருமண், கழுத்தில் துளசிமணி மாலை. "ஏம்மா, இது எங்க கடையில வாங்கினதுதானே?" என்றேன். "ஆமாம், உங்க கடைதான். அவன்தான் எங்காத்துப் பெரிய திருவடி" என்றார்கள். பெரிய திருவடி என்றால் கருடாழ்வாராம். இறக்கை இருக்கிறது, முட்டி ஊன்றியிருக்கிறான், அப்புறம் என்ன வேண்டும்!

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாளியோ குடமோ, அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் நான் எந்தச் சரக்கையும் வாங்கியதில்லை, உனக்கே தெரியும். ஜெட்மணியின் வலது பாதத்தில் நீ காம்பஸால் 'இ' என்று கீறி வைத்திருந்ததும் ஞாபகத்தில் இருந்தது. கவிழ்க்கக் கையை நீட்டினேன். அந்த அம்மா பதறிப்போனார்கள். "ஐயய்யோ, பெரிய திருவடியைத் தலைகீழாக் கவுக்கறதாவது! நன்னாயிருக்கு!" செருப்பை வாசலில் விட்ட மாதிரி கவிழ்த்துப் பார்க்கிற பழக்கத்தையும் வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். "அஞ்சாயிரம் தரேம்மா." "பகவானோட வாகனத்துக்கு வெலை சொல்றேளே!" "எட்டு." "எண்பதுன்னாலும் அதேதான்." சரி, இனி மறைத்து லாபமில்லை என்று நடந்ததை எல்லாம் சொன்னேன், அலமாரியில் இருக்கும் காலி இடம் வரைக்கும். அவர்கள் எழுந்து போய் ஒரு துணி எடுத்து வந்தார்கள். அப்புறம், "எடுத்துண்டு போங்கோ. ஆனா நவராத்திரிக்கு உங்க பிள்ளை கையால கொண்டுவந்து படியில வெக்கணும். எங்காத்துக் குழந்தைக்குத்தான் வர முடியலை" என்றார்கள். சரி என்று கையடித்துக் கொடுக்காத குறைதான். துணியில் சுற்றி, மடியில் வைத்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கொண்டுவந்தேன். நவராத்திரிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. டிக்கெட் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளியில் கண்டதைச் சாப்பிடாதே. நீ நூறு வருஷம் உன் பொம்மைகளோடு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பிச்சமுத்து

பி.கு. கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மனசு கேட்கவில்லை. அம்மா ஜெட்மணியைப் பூஜை அலமாரியில் ஏற்றிவிட்டாள். அவள் காய் வாங்கப் போனதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கவிழ்த்துப் பார்த்தேன். 'இ' இல்லை. இரண்டு பாதமும் வழவழ. வைஜயந்தி அம்மாவுக்கு போன் போட்டேன். "அந்த மொதல் பொம்மையா? தேசிக் அதை மறுநாளே முக்கொம்புக்கு எடுத்துண்டு போனான். பறக்கறதான்னு பாக்கறேன்னு பாலத்து மேலேர்ந்து விட்டுட்டான். கொள்ளிடத்தோட போயிடுத்து. ஒரே அழுகை. இவர் மறுவாரம் உங்க கடையில புதுச் சரக்கு வந்திருக்குன்னு இன்னொண்ணு வாங்கிண்டு வந்தார். அதுதான் இது."

புதுச் சரக்கு வந்திருக்கிறது, இளவேனில். மறுவாரமே வந்திருக்கிறது. லோடு வரவில்லை என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி, இருபத்தெட்டு வருஷத்தில் நானே அதை நம்பிவிட்டேன். நானே காம்பஸால் ஒரு 'இ' கீறியிருக்கலாம், உனக்குத் தெரியாது. காம்பஸைக் கையில் எடுத்தும் பார்த்தேன். கை ஓடவில்லை.

தப்பான பொம்மை, திருப்பித் தந்துவிடுகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "பாதத்துல என்ன எழுதியிருக்குன்னா நான் கேட்டேன்? சொன்னது சொன்னதுதான்" என்றார்கள். ஆகவே முடிவானது இது: ரூபாய் ஒன்றும் இல்லை. ஒன்பது நாள் அவர்கள் படியில், மீதி நாள் உன் அலமாரியில். கொண்டுபோய் வைக்க வேண்டியது நீ.