பொடியம்மாவின் மஞ்சள் அட்டை

அட்டை மறுபடியும் ஊதாவாகிவிட்டது. காலையிலிருந்து இது நாலாவது அட்டை. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வருகிறார். இப்போது மணி ஒன்பது.

அட்டைக்குச் சொந்தக்காரரை ஆய்வகத்தில் எல்லோரும் பொடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வருடமாக ஒரே பொடியைக் கட்டிக்கொண்டு அழுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுக் குச்சிகளால் இணைத்துக் கட்டிய பொடி அது. உள்ளே முழுக்கத் துளை. ஒரு கரண்டிப் பொடியில் இருக்கும் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு விளையாட்டு மைதானத்தையே மூடிவிடலாம். அதைச் சொல்லும்போது, பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கிய பெருமை அவர் முகத்தில் வந்துவிடும். சொல்லாத நாளும் கிடையாது.

பொடி தடவிய அட்டையில் ஊதினால் போதும். எரிக்கச் சர்க்கரை கிடைக்காமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கினால் மூச்சில் அசிட்டோன் கலந்து வரும். அது துளைக்குள் புகுந்ததும் மஞ்சள் அட்டை ஊதாவாகும். சர்க்கரை நோய் மோசமாவதை ஊசி குத்தாமலே கண்டுகொள்ளலாம். டாக்டரம்மா தலையசைத்தால் அடுத்த மாதமே அட்டை நோயாளிகளிடம் போகும். இல்லையென்றால் ஏழு வருடமும் விழலுக்கு இறைத்த நீர்.

யாரும் ஊதாமலே ஊதாவாகிற அட்டைக்கு எந்த டாக்டர் தலையசைப்பார்?

முதல் பழி குடுவை கழுவும் உதவியாளர் தலையில் விழுந்தது. கண்ணாடிச் சாமான்களை அவர் அசிட்டோன் விட்டுத்தான் அலசுவார். எல்லாப் பாட்டிலையும் உடனே வெளியேற்றச் சொன்னார் பொடியம்மா. மனிதர் பதறிப்போய்த் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ள, வாசற்படியில் ஒரு பாட்டில் சாய்ந்து அரை லிட்டர் கொட்டியது. இருந்த காற்றாடியையெல்லாம் போட்டு வாடையை விரட்ட முக்கால் மணி நேரம் பிடித்தது.

புது அட்டையை எடுத்து, குனிந்து உற்றுப் பார்த்தார். ஊதா.

அடுத்து அவர் கண்ணில் பட்டது பக்கத்து மேசைக்காரியின் நகப்பூச்சு. அதன் வாடைதான் என்று ஒரு பிடி பிடித்தார். அவளும் பாவம், முகம் சுண்டிப்போய் அங்கேயே உட்கார்ந்து பத்து நகத்தையும் துடைத்து எடுத்தாள். நகப்பூச்சை அழிக்கிற திரவமே அசிட்டோன்தான். துடைத்தவளும் துடைக்கச் சொன்னவரும் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்.

பொடியம்மா அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியில் இருந்த கூட்ட அறைக்கு ஓடினார். யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு அட்டையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என் ராசா, இன்னிக்கு ஒரு நாள் மஞ்சளாவே இருடா" என்று அதனிடம் கெஞ்சினார்.

அரை நிமிடத்தில், கெஞ்சக் கெஞ்ச, அது அடர் ஊதாவுக்கே போய்விட்டது.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சோதனை தொடங்கியது. உதவியாளர் ஊதினார், மஞ்சள். பக்கத்து மேசைக்காரி ஊதினாள், மஞ்சள். டாக்டரம்மாவே ஊதிப் பார்த்தார், மஞ்சள். பொடியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல உடம்புக்கு நல்ல நிறம் காட்டிய தன் பொடியை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

"என் பொடி பொய் சொல்லாது டாக்டர்" என்று அட்டையை வாயருகே தூக்கிக் காட்டினார். அத்தனை பேர் பார்க்க, அது ஊதாவானது.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்லையே."

டாக்டரம்மா பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்தார். ஊசியே வேண்டாம் என்று அட்டை கண்டுபிடித்தவர் அந்த அட்டைக்காகவே விரலை நீட்டிக் குத்திக்கொண்டார்.

"சர்க்கரை சரியாத்தான் இருக்கு" என்று டாக்டரம்மா தன் குறிப்பேட்டை மூடினார். "அப்ப தப்பு அட்டையிலதான்."

பொடியம்மா மிச்ச அட்டைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். தன்னைக் குறை சொன்னால்கூடத் தாங்கியிருப்பார். பொடியைச் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மாவுக்கு டீ கொண்டுவந்த கேண்டீன் அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். போகவில்லை.

"அட்டை என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது டாக்டர். ஆனா நீங்க வர்றீங்கங்கிற பரபரப்புல இவங்க ஒரு வாய் சாப்பிட்டு மூணு நாளாச்சு."