விசில் அங்கிள் போட்ட கோடு

தோளில் பையுடன் கோதுமை வயல்களுக்கு நடுவே பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலை போய் ஒரு மணித்தியாலம். காரணம் விசில் அங்கிள். ஆஸ்திரேலியாவில் கால் வைத்த மனிதர்களிலேயே, ஒரு விளையாட்டும் விளையாடாமல் எல்லா விளையாட்டையும் கெடுத்தவர் அவர் ஒருவர்தான்.

மெல்பேணிலிருந்து நான்கு மணித்தியாலத் தூரத்தில், மேசை போலத் தட்டையான அந்த ஊரின் இறைச்சித் தொழிற்சாலையில் நாங்கள் இருபது தமிழர் வேலை செய்தோம். அங்கிளுக்கு எலும்பு எடுக்கும் பகுதி. கழுத்தில் எந்நேரமும் விசில். கழிப்பறையில் யாராவது அதிக நேரம் இருந்தாலும் ஊதுவார். அவ்வூர்த் தமிழரின் விளையாட்டு வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதிவந்தார். முதல் பக்கம்: "கிரிக்கெட், தோல்வி. கரப்பந்து, தோல்வி. கயிறிழுத்தல், கயிறு அறுந்தது, ஆகவே சமநிலை."

ஞாயிறுகளில் ஊர் மைதானத்தை எங்களுக்குத் தருவதா என்று முடிவெடுக்க, மைதானக் குழுவின் வெள்ளைக்காரக் கிழவர்கள் எங்கள் ஆட்டமொன்றைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அங்கிள் கிளித்தட்டைத் தேர்ந்தெடுத்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோட்டில் காவல் நிற்பவரின் கை படாமல் தாண்டி ஓடும் ஆட்டம். கோடு இல்லாவிட்டால் வெறும் ஓட்டம்.

சுண்ணாம்பு வைத்த அறையின் சாவி கிடைக்கவில்லை. அங்கிள் ஐந்து கிலோ அரிசிமாவால் கோடு போட்டார்.

"அங்கிள், குருவி தின்னாதோ?"

"வாயைப் பொத்தும். எங்கட வீட்டு வாசல்ல வருசக்கணக்கா மாக்கோலம் போட்டது. எந்தக் குருவி வந்தது?"

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஒரு படை ரோஸ் நெஞ்சுக் கொக்கட்டூப் பறவைகள் கோடு நெடுக நின்று, ஒரு மூலையையும் விடாமல் தின்றுகொண்டிருந்தன. எங்கள் அணியில் ஒருவரும் அவ்வளவு ஒழுங்காகக் கோட்டில் நின்றதில்லை. அங்கிள் விசில் ஊதினார். இரண்டு நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தன.

அதற்குள் கிழவர்களின் கார்கள் வந்துவிட்டன. அங்கிள் என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் பறந்தார். திரும்பியபோது வான் நிறைய, வேலைக்குக் காலில் போடும் வெள்ளை ரப்பர் சப்பாத்துகள்.

"கோடு மாதிரி அடுக்குங்கோடா!"

ஆட்டம் நடந்தது. கிழவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டு மைதானத்தைத் தந்தார்கள்.

மறுநாள் மேலாளர் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார். கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாத சப்பாத்தில் புல் எப்படி வந்தது? எடுத்துப் போனவருக்கு வேலை இல்லை.

அங்கிளின் விசா அந்த வேலையில் தொங்கியது. வேலை போனால் குடும்பத்தில் ஐந்து பேரும் பெட்டி கட்ட வேண்டும். விசில் வீரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு விசாக் கரைச்சல் இல்லை, ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்த பழக்கமும் இல்லை. "நான்தான்" என்றேன்.

அங்கிள் வாசல் வரை வந்தார். நன்றி சொல்வாராக்கும் என்று நின்றேன்.

"தம்பி, வரலாற்றில உம்மட பேரையும் போடுறன். ஆனா ரெண்டு சப்பாத்தைக் கோணலா வைச்சனீர். அதையும் எழுதுவன்."

அடுத்த நாள் காலை மெல்பேணில், நோபல் பார்க்கில் கார் கழுவும் இடமொன்றில் வேலை கேட்டேன். முன்பு என்னோடு வேலை செய்த யாரையாவது விசாரிக்க வேண்டும் என்றார் முதலாளி, அவரும் எங்கள் ஆள். அங்கிளின் நம்பரைக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் போன் அவர் காதை விட்டு இறங்கவில்லை. ஒருவழியாக வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாளியை எடும். அதுசரி, ஆர் அந்த மனுசன்? உம்மட அப்பாவோ?"

"ஓம்" என்றேன்.